நட்சத்திரம் தொங்கும் வீடு

ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தின் வடகிழக்கு ஓரத்தில், செக் நாட்டு எல்லைக்குச் சமீபமாக, விண்டிஷெஷன்பாக் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் ஊரைப் பாதி பார்த்த மாதிரி! விஞ்ஞானிகளுக்கு இந்த ஊர் வேறு காரணத்துக்காகப் பழக்கம். பூமியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று ஆராய்வதற்காக 1994 வரையில் இங்கே துளை போட்டு, 9,101 மீட்டர் ஆழம் வரை போனார்கள். எனக்கு அவ்வளவு ஆழமான ஆசை ஒன்றும் இல்லை. இந்த ஊரில் குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு பீர் தயாரித்து, வீட்டுக் கூடத்திலேயே மேஜை போட்டுப் பரிமாறுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைப் பார்க்கத்தான் போனேன்.

"பீரா? நம் பத்திரிகையிலா?" என்று புருவத்தை உயர்த்தும் சகோதரிகள் சற்றுப் பொறுக்க வேண்டும். ஐரோப்பாவில் பீர் காய்ச்சுவது வெகு காலம் வீட்டுப் பெண்களின் வேலையாகவே இருந்தது. ஆகையால் இது சமையற்கட்டு சம்பந்தப்பட்ட சமாசாரம்தான்.

வீதியில் பெரிய விளம்பரப் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு வீட்டு முகப்பில் மட்டும் நீண்ட கம்பின் நுனியில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் சொய்கிள். அடையாளம் என்று அர்த்தம். 'எங்கள் வீட்டில் இப்போது பீர் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று அந்த நட்சத்திரம் சொல்கிறது. முறை முடிந்ததும் அதை எடுத்துவிடுவார்கள். அடுத்த வாரம் வேறொரு வீட்டு வாசலில் அது தொங்கும். பீருக்கும் சொய்கிள் என்றே பெயர் வந்துவிட்டது.

நட்சத்திரத்தில் இரண்டு முக்கோணங்கள். ஒன்று நெருப்பு, நீர், காற்று. மற்றது தண்ணீர், முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் பூ என்று விளக்கம் சொல்கிறார்கள். 'ஈஸ்ட் எங்கே?' என்று கேட்கத் தோன்றும். 1516-ல் பவேரியாவில் பிறந்த பிரசித்தமான பீர் சட்டத்திலும் ஈஸ்டைப் பற்றிப் பேச்சு இல்லை. புளிக்க வைப்பது ஓர் உயிர் என்று அந்நாளில் யாருக்கும் தெரியாது. ஆனால் முந்திய பீரின் வண்டலில் கொஞ்சம் எடுத்து அடுத்ததில் சேர்க்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். தினமும் பாலுக்கு உறை ஊற்றுகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்குப் பொதுவாக ஒரு காய்ச்சும் கூடம் இருக்கிறது. முறை வந்த குடும்பம் பார்லியோடு அங்கே வந்து சேரும். முளைக்க வைத்து உலர்த்திய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவிட்டு, தித்திப்பு இறங்கியதும் வடித்தெடுத்து, ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். அடுப்புக்கு இன்றைக்கும் விறகுதான். கொதித்ததை அகலமான, ஆழமில்லாத ஒரு தொட்டியில் விட்டு இரவெல்லாம் ஆற வைக்கிறார்கள். காலையில் அவரவர் பங்கை அவரவர் வீட்டுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கூடத்தை உபயோகித்ததற்கு 'அண்டாப் பணம்' என்று ஒரு தொகை கட்ட வேண்டும்.

அதற்குமேல் எல்லாம் வீட்டு நிலவறையில் நடக்கிறது. ஈஸ்ட் சேர்த்து ஒரு வாரம், பத்து நாள் பொங்க விட்டு, பிறகு சில வாரங்கள் குளிரில் வைத்திருந்து, வடிகட்டாமல் அப்படியே பரிமாறுகிறார்கள். ஒரே அண்டாவில் கொதித்த சரக்கு, இந்த வீட்டில் ஒரு ருசி, அடுத்த வீட்டில் வேறு ருசி. நம் ஊரில் ஒரே மாவடுவை இரண்டு வீடுகளில் ஊறப் போட்டால் என்ன ஆகிறது? அந்தக் கதைதான். நான் ஆப்பிள் சாறு குடித்தவர்களின் கட்சி. ருசியைப் பற்றி எதிரே இருந்தவர் சொன்னதையே எழுதுகிறேன்.

எதிரே இருந்தவரை எனக்கு முன்பின் தெரியாது. அங்கே தனி மேஜை என்ற பேச்சே இல்லை. இடம் இருக்கிற பெஞ்சில் நகர்ந்து உட்கார வேண்டியதுதான். ஜெர்மன் பாஷையிலும் 'நீ', 'நீங்கள்' என்ற பேதம் உண்டு. சொய்கிள் மேஜையில் எல்லோருமே 'நீ'தான். டாக்டரும் தச்சரும் ஒருவரையொருவர் 'நீ' என்று அழைத்துக்கொண்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுகிறார்கள்.

இந்த சமத்துவத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் உட்கார இடமில்லை. அவர் வீட்டு எஜமானி. நட்சத்திரம் தொங்குகிற நாட்களில் காலையில் ரொட்டி நறுக்க நின்றவர் இரவு கடைசித் தட்டைக் கழுவும் வரை நின்றுகொண்டே இருக்கிறார். கணவர் நிலவறைக்குப் போய் வருவார். பீரைப் பற்றி விருந்தாளிகளிடம் பெருமையாகப் பேசுவார். பெருமை நியாயமானதுதான். ஆனால் தட்டுகள் எல்லாம் சமையலறைக்குத்தானே போகின்றன?

பீர் காய்ச்சும் உரிமை அங்கே வீட்டைச் சேர்ந்தது. வீடு கைமாறினால் உரிமையும் வீட்டோடு போய்விடும். உரிமை இருந்து என்ன? கைகள் வேண்டாமா? முன்பு அந்த வட்டாரத்தில் எத்தனையோ ஊர்களில் இந்தப் பழக்கம் இருந்தது. இன்று விண்டிஷெஷன்பாக், நொய்ஹவுஸ், மிட்டர்டைக், பால்கன்பெர்க், எஸ்லார்ன் என்ற ஐந்து இடங்களில்தான் மிஞ்சி இருக்கிறது. போதாததற்கு, பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாததால், பெரிய ஆலைக்காரர்கள் புட்டியில் அடைத்து 'சொய்கிள்' என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். 'இதுதான் அசல்' என்று காட்டுவதற்கு இந்தக் குடும்பங்கள் தனி முத்திரை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2018-ல் ஜெர்மனி இதைத் தன் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது. ரொம்ப சந்தோஷம். பட்டியல் வந்து தட்டுக் கழுவுமா?

சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. எந்த வார இறுதியில் எந்த வீட்டில் நட்சத்திரம் என்று வருஷம் முழுவதற்கும் அச்சிட்டிருந்தார்கள். உங்களுக்குப் பிறகு யார் என்று அந்த அம்மாளைக் கேட்டேன். மகள் வெளியூரில் உத்தியோகம் பார்க்கிறாளாம். முறை வரும் நாட்களில் லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாளாம். ஆனால் ஒரு நிபந்தனை: மாப்பிள்ளையும் கூட வந்து சமையலறையில் நிற்க வேண்டும். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்பதற்குள் யாரோ ரொட்டி கேட்டார்கள். அம்மாள் உள்ளே போய்விட்டார்.