இலவசத்தை விற்கலாமா?

வீட்டில் நெட் இல்லை. அலவத்துகொடயிலிருந்து பஸ் ஏறி கண்டிக்குப் போய், ஒரு கடையில் 200 ரூபாவுக்கு உபுண்டு சீடி வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, அது சும்மா கிடைக்கிற சாமான் என்று. உறையில் 'பிரதி செய்யக் கூடாது' என்று வேறு போட்டிருந்தது. சரியான கடுப்பு.

ஆறுதலாக யோசித்தால், விற்றதில் பிழையில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985இல் ஈமாக்ஸை டேப்பில் பதிந்து 150 டொலருக்கு விற்றவர்தான். ஜிபிஎல் உரிமமும் பிரதிக்குக் காசு வாங்க இடம் தருகிறது. டவுன்லோட் பண்ணி, சீடியில் எழுதித் தருவதும் வேலைதானே? உபுண்டு நிறுவனம் தபாலில் இலவசமாக சீடி அனுப்பியதையும் 2011இல் நிறுத்திவிட்டது. நெட் இல்லாதவனுக்கு இந்தக் கடைதான் வழி.

பிழை அந்த உறையில் இருக்கிறது. வாங்கியவரும் பிரதி எடுக்கலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம், மூலநிரலைக் கேட்கலாம். ஜிபிஎல்லின் உயிரே அதுதான். அதை மறைத்து விற்றால், 200 ரூபாவைவிடப் பெரிய ஒன்றை நம்மிடமிருந்து எடுக்கிறார்கள்.

அடுத்த முறை போனபோது சொல்லிவிட்டே வந்தேன்: "விலையைப் போடுங்க நானா, பரவாயில்ல. 'கொப்பி பண்ணலாம்' என்றும் போடுங்க."