எச்.ஐ.வி. சிகிச்சையில் செவிலியரின் பங்கு: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதிகளுக்கு ஒப்பந்தப் பணிக்காக வந்து செல்வோர் பலர். வேலை மாறினால் ஊர் மாறுகிறது. சில வேளைகளில் மாநிலமே மாறுகிறது. அத்தகைய இடமாற்றத்தில் எச்.ஐ.வி. மருந்து எளிதில் தடைபடக்கூடும். அத்தடையை முன்கூட்டியே அறிந்து உதவக்கூடியவர்களுள் முதன்மையானவர் செவிலியர்.

பணி மாறிய விதம்

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். பயனுள்ள மருந்து எட்டாத அக்காலத்தில், துன்பம் தணிப்பதே செவிலியரின் பெரும்பணியாக இருந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்பட்டது. தொடக்க மையங்களுள் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. அதன்பின் அப்பணி வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும் பணியாயிற்று.

ஆய்வு தந்த நம்பிக்கை

இணையருள் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணையர், சென்னையும் புனேயும் உட்பட ஒன்பது நாடுகளில், ஓர் ஆய்வில் பங்கேற்றனர். முன்கூட்டியே சிகிச்சை தொடங்கினால் இணையருக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என 2011-இல் அவ்வாய்வு காட்டியது. ஒப்புதல் பெறுதல், இரத்தம் எடுத்தல், மாத்திரைகளை எண்ணிச் சரிபார்த்தல், வராதவரைத் தொடர்புகொள்ளுதல் போன்ற பணிகளில் செவிலியரின் உழைப்பு இல்லாமல் இத்தகைய ஆய்வுகள் நிறைவேறுவதில்லை. இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால், உடலுறவின் வழியே தொற்று பரவாது என்பதை இன்று அறிவோம்.

அதிகாரமும் எல்லையும்

பயிற்சி பெற்ற செவிலியரே சிகிச்சையைத் தொடங்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. தென்னாப்பிரிக்காவில் இம்முறை நடைமுறையில் உள்ளது. நம் மையங்களில் மருந்தை முடிவு செய்பவர் மருத்துவர். ஆனால் இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகிய காசநோய் அறிகுறிகளையும், மாத்திரை தவறிய நாட்களையும் செவிலியர் கேட்டறிவார். தவறியதை மறைக்காதீர்கள். விட்டுவிட்டு உட்கொண்டால் மருந்துக்கு வைரஸ் எதிர்ப்புத்திறன் பெறக்கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

- ஊர் மாறும் முன்பே மையத்தில் தெரிவித்து, இடமாற்றப் படிவமும் வழிக்குப் போதிய மாத்திரைகளும் பெறுங்கள்.
- வைரஸ் அளவுப் பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள்.
- குடும்பத்தினர் நோயாளியைக் கடிந்துகொள்ளாமல், மாத்திரை நேரத்தை நினைவூட்டுங்கள்.
- பணியிடத்துக்குத் தெரிந்துவிடும் என அஞ்சி மருந்தை நிறுத்தாதீர்கள். 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டம், உங்கள் தொற்று விவரத்தின் இரகசியத்தைக் காக்கிறது. பணியில் பாகுபாட்டைத் தடைசெய்கிறது.

ஐயமிருப்பின் அருகிலுள்ள நம்பிக்கை மையத்தை அணுகுங்கள். அல்லது 1097 என்னும் கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.