அழுத்தினால் மின்சாரம்! வளைத்தாலும் மின்சாரம்!

"நடந்தால் விளக்கு எரியும். சட்டை அசைந்தால் செல்போனுக்கு சார்ஜ் ஏறும்." இப்படி அடிக்கடி செய்தி வருகிறது. இது உண்மையா? உண்மை என்றால் எவ்வளவு உண்மை?

விடை சமையல் அறையிலேயே இருக்கிறது.

கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும் லைட்டரை "டக்" என்று அழுத்துகிறோம். தீப்பொறி பறக்கிறது. அதற்குள் பேட்டரி இல்லை. ஒரு சிறு பீங்கான் துண்டு இருக்கிறது. வில்லின் விசையால் ஒரு சிறு சுத்தி அதை அடிக்கிறது. உடனே மின்சாரம் பிறக்கிறது!

கியூரி சகோதரர்கள்

அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தக் குணத்தை 1880-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் கண்டுபிடித்தார்கள். கண்டவர்கள் பியர் கியூரி, ஜாக் கியூரி என்ற சகோதரர்கள். பியர் கியூரிதான் பிற்காலத்தில் ரேடியம் கண்ட மேரி கியூரி அம்மையாரின் கணவர் ஆனவர்.

முதல் உலகப் போரின்போது, கடலுக்கு அடியில் வரும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க இந்தக் குணம் உதவியது. இன்று ஆஸ்பத்திரியில், தாயின் வயிற்றில் உள்ள குழந்தையைக் காட்டும் "ஸ்கேன்" கருவியும் இதே குணத்தால்தான் வேலை செய்கிறது.

காரீய ஆபத்து

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நன்றாக மின்சாரம் தரும் பீங்கானின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். காரீயம் விஷம். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும்.

மின் கருவிகளில் காரீயம் கூடாது என்று ஐரோப்பிய நாடுகள் போட்ட சட்டம் 2006-ல் அமுலுக்கு வந்தது. ஆனால் இந்தப் பீங்கானுக்கு விலக்குக் கொடுக்க நேர்ந்தது. காரணம், இதற்கு ஈடான மாற்றுப் பொருள் இல்லை! மேலும் பீங்கான் எளிதில் உடையும். துணி போல வளையாது.

அதனால்தான் விஞ்ஞானிகளின் பார்வை "கிராபீன்" மீது விழுந்தது.

ஓர் அணு கனம்!

கிராபீன் என்பது கரி. பென்சிலில் உள்ள அதே கரிப் பொருளின் ஒரே ஓர் அடுக்கு. கனம் ஓர் அணுதான். ஏறக்குறைய 30 லட்சம் அடுக்குகளைச் சேர்த்து வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும்! இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கைம், நோவோசெலோவ் என்ற இருவர், ஒட்டும் டேப்பினால் இதை உரித்து எடுத்தார்கள். இதை 2004-ல் உலகுக்கு அறிவித்தார்கள். 2010-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிராபீன் தட்டையாக இருக்கும்போது, அழுத்தினாலும் இழுத்தாலும் மின்சாரம் தராது. அதன் அமைப்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருப்பதே காரணம்.

வளைத்தால்? கதையே வேறு! ஓர் ஓலையை வளைத்தால் வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும். கிராபீனை வளைத்தாலும், அதன் இரு பக்கமும் உள்ள எலெக்ட்ரான்கள் சமநிலை தவறி ஒரு பக்கம் ஒதுங்குகின்றன. மின் விளைவு உண்டாகிறது. பொருள் மெல்லியதாக ஆக, அதை அதிகமாக வளைக்கலாம். விளைவும் பெரிதாகும்.

கிராபீனின் ஒரு பக்கத்தில் மட்டும் வேறு அணுக்களை ஒட்ட வைத்தால், இழுத்தாலும் மின்சாரம் தரும் என்று 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இப்போது கிராபீனைப் பொடியாக்கி, மின்சாரம் தரும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் கலக்கிறார்கள். குழம்புக்கு உப்பு போல, அளவோடு கலக்க வேண்டும். கூடிவிட்டால் பிறந்த மின்சாரம் உள்ளேயே கசிந்து போய்விடும்!

ஊருக்கு விளக்கு எரியுமா?

கணக்குப் பார்ப்போம். 60 கிலோ எடை உள்ள ஒருவர் மிதிக்கும்போது, தரை 5 மில்லிமீட்டர் அமுங்குவதாக வைத்துக்கொள்வோம். கிடைக்கும் சக்தி சுமார் 3 ஜூல். முழுவதும் வீணாகாமல் மின்சாரமாக மாறினால்கூட, 10 வாட் விளக்கு ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரமே எரியும்!

ஆகவே, "நடந்தே ஊருக்கு மின்சாரம்" என்று யாராவது பணம் கேட்டால் நம்பிவிடாதீர்கள்.

இதயத்துக்கு உதவி

சிறு கருவிகளுக்கோ சிறு மின்சாரமே போதும். இதய நோயாளிகளின் மார்பில் "பேஸ்மேக்கர்" வைக்கிறார்கள். அதன் பேட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். மறுபடியும் ஆபரேஷன்! இதயத்தின் துடிப்பே மின்சாரம் தந்தால்?

2014-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மெல்லிய பீங்கான் தகட்டைப் பசு, செம்மறியாடு ஆகியவற்றின் இதயத்தில் பொருத்திப் பார்த்தார்கள். மின்சாரம் வந்தது. ஆனால் அது காரீயம் கலந்த பீங்கான். உறை போட்டு மூடியே வைத்தார்கள்.

அந்த இடத்துக்குத்தான் கிராபீன் கலந்த மெல்லிய தகடு வரப் பார்க்கிறது. அதற்கு முன், குறை இல்லாத தகடுகளை மலிவாகச் செய்ய வேண்டும். உடலுக்குள் பல ஆண்டு இருந்தாலும் தீங்கு இல்லை என்று நிரூபிக்க வேண்டும்.

ஊருக்கு விளக்கு ஏற்ற இதனால் முடியாது. ஓர் உயிருக்கு விளக்கு ஏற்ற முடிந்தால், அதுவே பெரிய வெற்றி!