கணிதத்தை மட்டும் பட்டியலிலிருந்து தூக்கியது ஏன்?

அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களின் பட்டியலை கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023-இல் அதிலிருந்து கணிதத்தை மொத்தமாக நீக்கியது. ஏன்?

கணிதத்தில் கட்டுரைகளும் குறைவு, மேற்கோள்களும் குறைவு. சிலர் சேர்ந்து, ‘நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுறேன்’ என்று இறங்கினாலே போதும், எண்ணிக்கை எகிறிவிடும்.

சரி, நேர்மையான எண் என்றால்? அதிலும் சிக்கல்தான். இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தது எச்-இன்டெக்ஸ். உங்கள் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் 20.

இப்போது 1965-க்குப் போவோம். ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி இருவரும் ஐந்தே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘ஃபாஸ்ட் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற கணக்குமுறை அதில்தான் பிரபலமானது. உங்கள் போனின் 4ஜி சிக்னலுக்குப் பின்னால் இருப்பதும் அதுவே. ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றாலும், எச்-இன்டெக்ஸுக்கு அது வெறும் ஒரு கட்டுரை! இதே யோசனையை 1805 வாக்கிலேயே எழுதிவைத்தவர் காஸ். அது அச்சேறியது அவர் இறந்த பிறகு.

வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி எல்லாவற்றையும் எண்ணே முடிவு செய்தால், ஒரே கணக்கோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டும் இளம் ஆய்வாளர்தான் அடிபடுவார். எண்ணைப் பார்க்கவே கூடாதுன்னு சொல்லலை. பார்த்துவிட்டு, அவரது சிறந்த இரண்டு கட்டுரைகளைத் துறை தெரிந்த ஒருவர் படிக்கட்டும். தேர்வுக் குழு என்று ஒன்று இருப்பதே அதற்குத்தானே?