ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட்... பிசினஸ் கிளாஸைவிட அவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாமா?

2025 செப்டம்பர் 22-ம் தேதியிலிருந்து விமான டிக்கெட் வரியில் ஒரு மாற்றம் வந்தது. எகானமி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி அதே 5 சதவிகிதம்தான். அதற்கு மேலே உள்ள பிரீமியம் எகானமி, பிசினஸ், ஃபர்ஸ்ட் எல்லாவற்றுக்கும் 12-லிருந்து 18 சதவிகிதமாக ஏறிவிட்டது.

'அது பணக்காரங்க கவலை, நமக்கென்ன?' என்று கடந்துபோய்விட முடியாது. மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பும் அம்மா, அப்பாவுக்கு 'இந்த ஒரு தடவையாவது கால் நீட்டிப் படுத்துட்டு வரட்டுமே' என்று பிள்ளைகள் பிசினஸ் கிளாஸ் தேடுவது இன்று பல நடுத்தரக் குடும்பங்களிலும் நடக்கிறது. அப்படித் தேடும்போது, பக்கத்திலேயே ஃபர்ஸ்ட் கிளாஸும் வந்து நிற்கும். 'இவ்ளோ கொடுக்கிறோம், இன்னும் கொஞ்சம் போட்டா ஃபர்ஸ்ட்லயே அனுப்பிடலாமே' என்று மனசு சொல்லும். அந்த 'இன்னும் கொஞ்சம்' எவ்வளவு, அதற்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதலில் கணக்கு

விமான நிறுவனம், தேதி, தடம் என எல்லாவற்றையும் பொறுத்துக் கட்டணம் மாறும். ஒரு பேச்சுக்கு, பிசினஸ் கட்டணம் 2 லட்சம், ஃபர்ஸ்ட் கட்டணம் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவிகித வரியோடு பிசினஸ் 2,36,000 ரூபாய். ஃபர்ஸ்ட் 4,72,000 ரூபாய். வித்தியாசம் 2,36,000. பறக்கும் நேரம் 14 மணி என்றால், கூடுதல் சொகுசுக்கு மட்டும் மணிக்கு ஏறக்குறைய 17,000 ரூபாய் போகிறது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஜி.எஸ்.டி பதிவு உள்ள நிறுவனம் தொழில் பயணத்துக்காக டிக்கெட் எடுத்தால், அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. சொந்தக் காசில் போகிறவருக்கு அது கிடையாது. முழு 18 சதவிகிதமும் அவர் தலையில்தான்.

படுக்கை பிசினஸுக்கு வந்த கதை

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு பதில் சுலபமாக இருந்தது. 1990-களில் ஃபர்ஸ்ட் கிளாஸில்தான் இருக்கை முழுசாகப் படுக்கையாக மாறும். பிசினஸில் சாய்ந்துகொள்ளத்தான் முடியும். 2000-ம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸிலும் முழுப் படுக்கையைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போக வேண்டியதாயிற்று. 2017-ல் கத்தார் ஏர்வேஸ் 'க்யூசூட்' என்ற பெயரில் பிசினஸ் இருக்கைக்குக் கதவே வைத்துவிட்டது. அதில் நடு வரிசையில் இரண்டு இருக்கைகளைச் சேர்த்து இரட்டைப் படுக்கையாக்கிக்கொள்ளலாம். அதுவரை ஃபர்ஸ்ட் கிளாஸின் தனி அடையாளமாக இருந்தவை, ஒவ்வொன்றாக பிசினஸுக்கு வந்துவிட்டன.

விளைவு என்ன? பல நிறுவனங்கள் ஃபர்ஸ்ட் கிளாஸையே கைவிட ஆரம்பித்தன. சர்வதேச விமானங்களில் ஃபர்ஸ்ட் கிளாஸை எடுத்துவிடப்போவதாக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2022-ல் அறிவித்தது. வாங்க ஆளில்லை, அந்த இடத்தில் பிசினஸ் இருக்கை போடலாம் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் ஏ380 விமானத்தில் 2007-ல் 12 சூட்களோடு தொடங்கியது. 2017-ல் வந்த புதிய வடிவமைப்பில் அதை ஆறாகக் குறைத்துக்கொண்டது. ஏர் இந்தியா 2024-ல் பறக்கவிட்ட ஏ350 விமானத்தில் பிசினஸ் 28, பிரீமியம் எகானமி 24, எகானமி 264 இருக்கைகள். ஃபர்ஸ்ட் கிளாஸே இல்லை.

அப்போ ஃபர்ஸ்ட்டில் மிச்சம் என்ன இருக்கு?

இருக்கிறது, ஆனால் ரகம் வேறு. எமிரேட்ஸ் ஏ380-ல் ஃபர்ஸ்ட் கிளாஸ் பயணிகளுக்குக் குளியலறை உண்டு. ஒருவருக்கு ஐந்து நிமிடம் தண்ணீர் வரும். லுஃப்தான்சா, ஃபிராங்ஃபர்ட்டில் 2004 முதல் ஃபர்ஸ்ட் கிளாஸுக்கென்றே தனி முனையம் நடத்துகிறது. பாதுகாப்புச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். விமானம் வரைக்கும் காரில் கொண்டுபோய் விடுவார்கள். ஏர் ஃபிரான்ஸ் 2025-ல் அறிமுகப்படுத்திய புதிய 'லா பிரீமியர்' சூட்டில் ஒருவருக்கு ஐந்து ஜன்னல்கள்.

அதாவது, கடைகள் குறைந்தாலும் மிச்சம் இருக்கும் கடைகளில் சரக்கு இன்னும் ஆடம்பரமாகிவிட்டது. அவர்கள் விற்பது தூக்கத்தை அல்ல, தனிமையை. யார் கண்ணிலும் படாமல், எந்த வரிசையிலும் நிற்காமல் போய்வருவது. அடையாளம் தெரிந்தால் கூட்டம் கூடிவிடும் பிரபலத்துக்கு அதற்கு ஒரு விலை இருக்கிறது. நமக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உடம்பு என்ன சொல்கிறது?

பெற்றோரை நினைத்து டிக்கெட் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணித்தால், ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பயந்துவிட வேண்டாம். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அது ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான். இதற்கு 'எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்' என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். உண்மையில், காரணம் வகுப்பு அல்ல, அசையாமல் இருப்பது. சூட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு 12 மணி நேரம் நகராமல் இருந்தாலும் அதே கதைதான். எழுந்து நடப்பது, கணுக்காலைச் சுழற்றுவது, தண்ணீர் குடிப்பது, ஏற்கெனவே இந்தப் பிரச்னை இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது... இவற்றுக்கெல்லாம் கட்டணம் இல்லை. வீல்சேர் உதவியும் அப்படித்தான். எகானமி டிக்கெட் எடுத்தவரும் முன்கூட்டியே சொல்லிப் பெறலாம்.

முட்டி வலியும் இடுப்பு வலியும் உள்ள பெரியவர்களுக்கு, எகானமியிலிருந்து பிசினஸுக்குப் போவது பெரிய மாற்றம். உட்கார்ந்தே ராத்திரியைக் கழிப்பதற்கும், கால் நீட்டித் தூங்குவதற்கும் உள்ள வித்தியாசம். பிசினஸிலிருந்து ஃபர்ஸ்ட்டுக்குப் போவது, நல்ல படுக்கையிலிருந்து கொஞ்சம் அகலமான படுக்கைக்குப் போவது. உடம்புக்குக் கிடைக்கும் நன்மை அந்த அளவுக்குத்தான். விலையோ அதே வேகத்தில் ஏறுகிறது.

பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க

'ஃபர்ஸ்ட்', 'பிசினஸ்' என்பவை வெறும் பெயர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை விமானம்தான் முடிவு செய்கிறது.

* அமெரிக்காவுக்குள் பறக்கும் பெரும்பாலான விமானங்களில் முன்பக்க வகுப்புக்கே 'ஃபர்ஸ்ட்' என்றுதான் பெயர். அதில் இருப்பது பெரும்பாலும் அகலமான, சாய்ந்துகொள்ளும் நாற்காலி. சூட் என்று நினைத்து ஏறினால் ஏமாற்றம்தான்.

* எமிரேட்ஸின் பழைய வடிவமைப்பு போயிங் 777-ல் பிசினஸ் இருக்கைகள் 2-3-2 என்று இருக்கும். நடு இருக்கை கிடைத்தால், இரண்டு பக்கமும் ஆள். கூடுதல் பணத்துக்கு ஓரளவு நியாயம் இருப்பது இப்படிப்பட்ட விமானங்களில்தான். எல்லா இருக்கையும் நடைபாதையைத் தொடும் 1-2-1 அமைப்பு என்றால், பிசினஸே தாராளமாகப் போதும்.

* சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். துபாய் வழி என்றால் முதல் கட்டம் சுமார் நான்கு மணி நேரம். சாப்பாடு முடிந்து கண்ணயர்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். அதற்கு ஃபர்ஸ்ட் கொடுப்பது வீண். இரண்டாவது கட்டத்தில் ஃபர்ஸ்ட் கிளாஸ் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கத்தாரில் ஏ380 தவிர மற்ற விமானங்களில் அது கிடையாது.

* பயணம் நெருங்கும்போது, காலியாக இருக்கும் இருக்கைகளுக்குக் குறைந்த விலையில் 'அப்கிரேடு' வாய்ப்பை நிறுவனங்கள் அனுப்புவது உண்டு. ஃபர்ஸ்ட் ஆசை இருப்பவர்கள் பிசினஸ் எடுத்துவிட்டு அதற்குக் காத்திருக்கலாம். மைல் புள்ளிகள் சேர்ந்திருந்தால், அவற்றைச் செலவழிக்கவும் இது ஒரு நல்ல இடம்.

சொல்ல மறக்கும் இன்னொரு விலை

பெரிய இருக்கை என்றால், அந்த ஒருவருக்காக விமானத்தில் அதிக இடமும் எரிபொருளும் போகிறது. உலக வங்கியின் 2013 ஆய்வுக் கட்டுரை ஒன்று, எகானமி பயணியோடு ஒப்பிட்டால் பிசினஸ் பயணியின் கார்பன் பங்கு ஏறக்குறைய மூன்று மடங்கு, ஃபர்ஸ்ட் பயணியுடையது ஒன்பது மடங்கு வரை போகலாம் என்று கணக்கிட்டது. டிக்கெட்டில் இந்த விலை அச்சாவதில்லை.

சரி, என்னதான் முடிவு?

நிறுவனம் பணம் கட்டுகிறதா, மைல் புள்ளிகள் வீணாகப் போகின்றனவா, 50-வது திருமண நாளுக்கு வாழ்நாளில் ஒருமுறை அனுபவிக்க வேண்டுமா? தாராளமாகப் போங்கள். அனுபவத்துக்கு என்று தெரிந்தே கொடுக்கும் பணத்தில் தப்பில்லை.

ஆனால் 'அம்மாவுக்கு வசதியா இருக்கும்' என்பதுதான் காரணம் என்றால், ஃபர்ஸ்ட் தேவையே இல்லை. மேலே போட்ட கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். ஒரு ஃபர்ஸ்ட் டிக்கெட் விலையில் இரண்டு பிசினஸ் டிக்கெட். அம்மாவை மட்டும் சூட்டில் அனுப்பிவிட்டு அப்பாவைப் பின்னால் எகானமியில் உட்கார வைப்பதைவிட, இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகட்டும். நடுராத்திரியில் மாத்திரை எடுத்துக்கொடுக்கவாவது பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும்!