இருமல் நிற்கவில்லையா? சளியைப் பரிசோதியுங்கள்!

தாராவி, சயான் பக்கம் வேலை முடிந்து வருகிற தமிழர்கள், இருமல் கண்டால் தெருமுனை டாக்டரிடம்தான் போகிறார்கள். ஒரு ஊசி, நாலு வேளை மாத்திரை, ஒரு பாட்டில் சிரப். கொஞ்சம் குறைகிறது. மறுபடி வருகிறது. டாக்டரை மாற்றுகிறார்கள். இப்படியே இரண்டு மாதம் ஓடிவிடுகிறது.

டாக்டர் மீது மட்டும் பழி போடுவது சரியல்ல. ஊசி போடாதவரைக் கைராசி இல்லாதவர் என்று ஒதுக்குவது யார்? "சளியைச் சோதித்துக்கொண்டு வா" என்றால், அரை நாள் கூலி போகுமே என்று நழுவுவது யார்? கூலிக் கவலை நியாயமானதுதான். ஆனால் நோய் முற்றினால் போவது அரை நாள் கூலி அல்ல.

சாதாரண ஜலதோஷ இருமல் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை தேவையே இல்லை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காச நோயா என்று பார்த்துவிட வேண்டும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. லெவோபிளாக்சசின் போன்ற சில மாத்திரைகள் காசக் கிருமியையும் தற்காலிகமாக அடக்கும். நோயாளி தேறியதுபோல் தெரியும். நோய் உள்ளே இருக்கும்.

சோதனைக்குப் பயப்படுவதற்கு இன்னொரு காரணம், அறையை விட்டுத் துரத்திவிடுவார்களோ என்பது. இது வெறும் பயமல்ல, நடக்கிறது. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி, வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் ஆஸ்பத்திரியில் தங்கியவர்களைப் போலவே குணமானதைக் காட்டியது. வீட்டாருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. உலகமே பின்பற்றிய பாடம் இது. மெஸ்ஸில் தட்டைத் தனியே வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காசம் தட்டில் பரவுவதில்லை. இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் அதுவும் வெகுவாகக் குறைந்துவிடும்.

அரசு, மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் சோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் தந்தார்கள். 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். சாதாரணக் காசத்துக்குச் சிகிச்சை ஆறு மாதம். இரண்டு மாதத்தில் தெம்பு வந்ததும் நிறுத்துகிறவர்களிடம் மருந்துக்கு மசியாத காசம் உருவாகலாம்.

பொங்கலுக்கோ கோவில் கொடைக்கோ ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே மருந்து தரும் இடத்தில் சொல்லிவிட வேண்டும். சொந்த மாவட்டத்துக்குச் சிகிச்சையை மாற்றித் தருவார்கள். சிகிச்சை அட்டையை மறக்காமல் பெட்டியில் வைத்துக்கொள்ளவும்.