இரவு ஷிப்டும் மணிக்கணக்கும்

சென்னை–அரக்கோணம் ரயில் மார்க்கத்தில், திருவாலங்காட்டுக்கு முந்திய நிலையமாகிய மணவூரைப் போன்ற ஊர்களிலிருந்து மாலையில் இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டு, மறுநாள் காலையில் கண் சிவந்து திரும்பும் இளைஞர்களின் உழைப்பு, இக்காலத்தில் பெரும்பாலும் எக்செல் தாளில்தான் வேதனமாக மாறுகிறது. ஆதலால் அத்தாளின் காலக் கணிதம் தொழிலாளியின் நியாயத்தைச் சேர்ந்த விஷயமாகும்.

எக்செல் ஒரு முழு நாளை ஒன்று என்ற எண்ணாகவும், மணிகளை அதன் பின்னங்களாகவும் கொள்கிறது. எட்டு மணி நேரம் அதற்கு மூன்றில் ஒரு பங்கே. இரவு பத்துக்குப் புகுந்து காலை ஆறுக்கு வெளிவந்தவனுக்குத் தேதியின்றி மணியை மட்டும் எழுதிக் கழித்தால், விடை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, கட்டத்தில் வேலி கட்டினாற்போலக் குறிகளே நிற்கும். தேதியையும் சேர்த்து எழுதுவதோ, விடை குறையும்போது ஒன்றைக் கூட்டுவதோ இதற்குப் பரிகாரம்.

கண்ணுக்குத் தெரியும் இப்பிழையைவிடத் தெரியாதவையே அபாயகரமானவை. ஆறு நாளின் எட்டெட்டு மணியைக் கூட்டினால், சாதாரணக் கடிகார வடிவத்தில் 48 மணி 0:00 என்றும், 50 மணி 2:00 என்றும் தோன்றும். அவ்வடிவத்தின் குறியீட்டில் மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டாலன்றி முழுத்தொகை வெளிப்படாது. மணிக்கு 60 ரூபாய் வீதம் எட்டு மணியைப் பெருக்கினாலோ 480க்குப் பதில் 20 வரும். 24ஆலும் பெருக்கியாக வேண்டும்.

ஒரு நாளில் ஒன்பது மணிக்கோ, வாரத்தில் 48 மணிக்கோ மேற்பட்ட உழைப்புக்கு இரட்டை வேதனம் விதித்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், நள்ளிரவுக்குப் பின் உழைத்த நேரத்தை முந்திய நாளின் கணக்கிலேயே சேர்க்க வேண்டுமென்று தன் 57-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்லிற்று. அதன் காரணத்தைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். இரவு எட்டுக்குத் தொடங்கிக் காலை ஏழுக்கு முடிந்த வேலையை நள்ளிரவில் வெட்டினால், ஒரு நாளில் நான்கு மணி, மறுநாளில் ஏழு மணி. இரண்டும் ஒன்பதைத் தாண்டவில்லை. இடைவேளை போக ஒன்பதுக்கு மேல் உழைத்தவனுடைய மிகைநேரம் அடியோடு மறைந்துபோகும். சூத்திரம் பிசகாத தாளிலும் இந்த அநீதி நிகழக்கூடும்.

ஆகவே, வந்த நேரமும் சென்ற நேரமும் ஷிப்டு வாரியாகக் காட்டும் தாளைச் சம்பளச் சீட்டுடன் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுக்கும்படி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தொழிலாளிகளும் அதைக் கேட்டுப் பெற்று, தாங்களே ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும்.